கார் ஏசியில் சூடான காற்று வருகிறதா? கேஸ் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கத்திரி வெயில் தொடங்கும் மே முதல் வாரத்தில் சென்னையில் கார் ஏசி பார்க்கும் கடை எதுவும் காலியாக இருக்காது. வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் பலரும் சொல்லும் முதல் வார்த்தை, "கேஸ் கம்மியா இருக்கு போல, கொஞ்சம் அடிச்சு விடுங்க." கடைக்காரரும் அடித்துவிடுகிறார். அன்று மாலை ஜில்லென்று இருக்கும். சில வாரம் போனால் மறுபடி அதே அனல் காற்று, மறுபடி அதே கடை, மறுபடி பணம்.

முதன்முதலாகக் கார் வாங்கியவர்கள் இந்தச் சுழலில் மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஏசி கேஸ், பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது இயல்புதான். பல வருடம் ஓடிய வண்டியில் சற்றுக் குறைந்திருக்கலாம். ஆனால் ஒரே கோடையில் இரண்டாவது முறை குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதோடு, சூடான காற்றுக்குக் கேஸ் சம்பந்தமே இல்லாத காரணங்கள் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றை வீட்டு வாசலிலேயே, காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். அதனால் செலவில்லாததில் தொடங்கி, செலவு வைப்பதை நோக்கிப் போவோம்.

குளிர் எங்கிருந்து வருகிறது

இன்ஜினோடு பெல்ட்டால் சுற்றும் கம்ப்ரசர் கேஸை அழுத்துகிறது. அழுத்தத்தில் கேஸ் நன்றாகச் சூடாகும். அந்தச் சூடான கேஸ் வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்குப் போகிறது. வெளிக்காற்று பட்டுச் சூட்டை இழந்து திரவமாகிறது. டிரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாகப் பாய்ந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் திரவம் கொதித்து மறுபடி கேஸாகிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தைக் கார் உள்ளே இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இன்றைய பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் இது முடிகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். உள்ளே எடுத்த வெப்பத்தை முன்பக்கம் வெளியே தள்ள வேண்டும். கூலிங் காயில் மீது போதுமான காற்று ஓட வேண்டும். இரண்டில் எது தடைபட்டாலும் கேஸ் முழுதாக இருந்தும் குளிராது.

சூடு எப்போது வருகிறது

பானெட்டைத் திறப்பதற்கு முன் இரண்டு நாள் வண்டியை ஓட்டும்போதே கவனியுங்கள். பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும். ஓடும்போது குளிர்ந்து, வடபழனி சிக்னலிலோ மத்திய கைலாஷிலோ நின்றதும் சூடானால் சந்தேகம் கண்டென்சர், ஃபேன் பக்கம். கிளம்பும்போது நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்றின் வேகமே குறைந்துபோனால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது. காலையில் வேலை செய்து மத்தியானம் மட்டும் மக்கர் செய்தால் கம்ப்ரசர் கிளட்சை, அதாவது பெல்ட்டின் சுழற்சியோடு கம்ப்ரசரை இணைத்து விலக்கும் பாகத்தைப் பாருங்கள். டிரைவர் பக்கம் குளிர்ந்து மற்ற பக்கம் சூடாக இருந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் காற்றுக் கதவோ, குறைந்துபோன கேஸோ காரணம். எப்போதுமே சூடு என்றால் வரிசையாகத் தேட வேண்டியதுதான்.

ரிச்சி தெருவில் நீளமான முள் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் மலிவாகக் கிடைக்கும். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், "கூலிங் கம்மியா இருக்கு" என்று சொல்வதைவிட ஓர் எண்ணைச் சொல்வது கடையில் உங்களுக்கு மரியாதை தரும். நிழலில் நிறுத்தி, கதவு கண்ணாடி எல்லாம் மூடி, உள்காற்றுச் சுழற்சி பட்டனைப் போட்டு, ப்ளோயரை நடுவில் வைத்து, இன்ஜினை 1,500 ஆர்பிஎம் அளவில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். நடு வென்ட்டில் முள்ளைச் செருகிப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் 6 முதல் 12 டிகிரி வரை வந்தால் ஏசி நன்றாகவே இருக்கிறது. 15ஐத் தாண்டினால் ஏதோ குறை. 20க்கு மேலே என்றால் பெரிய குறை.

சென்னைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. மத்தியானம் கடற்காற்று உள்ளே வந்ததும் வெயிலின் உறைப்பு குறையும், புழுக்கம் கூடும். காற்றில் இருக்கும் அந்த ஈரத்தைத் தண்ணீராக மாற்றுவதற்கே ஏசியின் சக்தியில் பெரும்பங்கு போய்விடும். ஆகவே வறண்ட ஊரில் ஓட்டும் உறவினர் சொல்லும் எண் உங்கள் வண்டிக்கு வரவில்லை என்று கவலைப்படாதீர்கள். வண்டிக்கு அடியில் தண்ணீர் நன்றாகச் சொட்டினால் அது ஏசி வேலை செய்வதற்கான அடையாளம். அந்தத் தண்ணீர் வெளியே சொட்டாமல் பக்கத்து இருக்கைக்காரரின் காலடி மிதியடியை நனைத்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அது வேறு பிரச்சினை, எளிதில் தீரும்.

வண்டிக்குள்ளேயே பார்க்க வேண்டியது

உள்காற்றுச் சுழற்சி பட்டன் வெளிக்காற்று நிலையில் இருந்தால், அண்ணா சாலையின் அனலை ஓயாமல் இழுத்துக் குளிரவைக்க ஏசி திணறும். வெப்பநிலைத் திருகு நீல முனையின் கடைசி வரை திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி சர்வீசுக்குப் போய்வந்த பிறகு இந்த இரண்டும் மாறிக் கிடப்பது சகஜம்.

வெயிலில் நின்ற வண்டிக்குள் வெப்பம் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். ஏறியதும் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டி, சூட்டை வெளியேற்றிய பிறகு மூடுங்கள். இதைச் செய்யாமலே ஏசியைக் குறை சொல்பவர்கள் உண்டு.

அடுத்தது கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பக்கவாட்டுப் பிடிகளை அழுத்திக் கிளவ் பாக்ஸை இறக்கினால் ஒரு மூடி தெரியும், அதற்குள் காகித மடிப்புகளாக ஃபில்டர். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தினம் போய்வரும் வண்டியின் ஃபில்டரை வெளியே எடுத்தால் மடிப்புகளுக்கு நடுவே சிமென்ட் நிறத்தில் தூசி கெட்டியாக அப்பியிருக்கும். வேப்பிலைச் சருகு, சில வண்டிகளில் எலி கொண்டுவந்து போட்ட பஞ்சுகூட இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி தெரியவில்லை என்றால் மாற்றிவிட வேண்டியதுதான். தட்டிப் போட்டுச் சமாளிப்பது நான்கு நாள் வரும். புது ஃபில்டர் சில நூறு ரூபாய். அதன் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறி காற்று ஓடும் திசையைக் காட்டும், மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று பலமாக வரவில்லை என்றால் ப்ளோயர் மோட்டார் அல்லது அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர். நான்காம் எண்ணில் மட்டும் ஓடி, ஒன்று இரண்டு மூன்றில் ஓடவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரெசிஸ்டர் என்று சொல்லலாம்.

காற்று முதலில் ஜில்லென்று வந்து, போகப்போகச் சுருங்கி நின்றுவிடுகிறதா? ஏசியை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்று திரும்பி வந்து, அடியில் தண்ணீர் கொட்டினால் காயிலில் ஐஸ் கட்டி உருகுகிறது என்று அர்த்தம். ஃபில்டர் அடைப்பு, குறைந்த கேஸ், கம்ப்ரசரை நேரத்துக்கு நிறுத்தச் சொல்லும் காயில் சென்சார் என்ற மூன்றில் ஒன்றுதான் காரணம்.

பானெட்டைத் திறந்தால்

திறக்கும் முன் ஓர் எச்சரிக்கை. ரேடியேட்டர் ஃபேன் இன்ஜின் அணைந்த பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். துப்பட்டா, புடவைத் தலைப்பு, தொளதொள சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் அருகில் போகக்கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது.

ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டு அணைக்கட்டும். நீங்கள் கம்ப்ரசரைப் பாருங்கள். அதன் முகப்பில் பெல்ட் ஓடும் புல்லி, அதன் நடுவில் ஒரு வட்டத் தகடு. ஏசி அணைந்திருக்கும்போது புல்லி மட்டும் சுற்றும், தகடு நிற்கும். ஏசியைப் போட்டதும் "டக்" என்று சத்தம் வந்து தகடும் சேர்ந்து சுற்ற வேண்டும். இந்த ஒரு காட்சியைத் தெரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களை எளிதில் ஏமாற்ற முடியாது. சில புதிய கார்களின் கம்ப்ரசரில் கிளட்சே கிடையாது, எப்போதும் சுற்றிக்கொண்டேயிருக்கும். அங்கே இந்தச் சோதனை செல்லாது.

தகடு சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ். அடுத்து ரிலே, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எது ஏசி, எது ஹார்ன் என்று படம் போட்டிருக்கும். இரண்டு ரிலேயின் தலையிலும் ஒரே எண் இருந்தால் ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி ஏசி இடத்தில் செருகிப் பாருங்கள். ஏசி ஓடி ஹார்ன் அடங்கிவிட்டால் புது ரிலே போட்டதும் வேலை முடிந்தது. அடுத்து ஒயர். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளில் எலி கடிப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கம்ப்ரசருக்குப் போகும் ஒயரைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள்.

காலையில் பிடித்து மத்தியானம் பிடிக்காத கிளட்ச் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது பல கம்ப்ரசர்களை அநியாயமாகக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறது. புல்லிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்கும். தேய்மானத்தில் அது கூடிவிடும். இன்ஜின் அறை சூடானதும் கிளட்ச் காயிலின் காந்த சக்தி குறையும். அந்த அதிகப்படி தூரத்தைத் தாண்டித் தகட்டை இழுக்க அதற்குத் தெம்பு போதாது. வண்டி ஆறினால் மறுபடி பிடிக்கும். தகட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய வாஷரை எடுத்துவிட்டாலே பல வண்டிகளில் இது சரியாகிவிடும். தகடு ரொம்பத் தேய்ந்திருந்தால் கிளட்ச் செட்டை மட்டும் மாற்றலாம். கம்ப்ரசர் முழுதாக மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், "கிளட்ச் கேப் பாத்தீங்களா அண்ணா?" என்று கேளுங்கள்.

கேஸ் அடியோடு இல்லாவிட்டாலும் கிளட்ச் பிடிக்காது. உள்ளே எண்ணெய் சுற்றாமல் கம்ப்ரசர் இறுகிவிடக்கூடாது என்பதற்காக அழுத்த சுவிட்ச் அதைத் தடுத்துவைக்கிறது. அந்த சுவிட்சை ஒயர் போட்டு இணைத்து வலுக்கட்டாயமாக ஓடவைக்கும் வேலையை யாரையும் செய்யவிடாதீர்கள்.

சிக்னலில் மட்டும் சூடு

சென்னையில் அதிகம் பார்க்கக்கூடிய குறை இதுதான் என்பது என் எண்ணம். ஓஎம்ஆரில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே கண்டென்சரை ஆற்றிவிடும். கத்திப்பாராவில் நெரிசலில் ஊர்ந்தால் அந்த வேலை முழுக்க ஃபேன் தலையில் விழும். ஃபேன் சரியில்லை என்றால் நின்ற ஓரிரு நிமிடத்தில் வென்ட்டில் சூடு ஏறும், நகர்ந்ததும் இறங்கும்.

ஏசியைப் போட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் விட்டு விட்டுச் சுற்றும், அது தவறில்லை. இரண்டு வேகம் உள்ள ஃபேன்களில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால் ஒரு வினோதம் நடக்கும்: இன்ஜின் அதிகம் சூடானால் மட்டும் ஃபேன் முழு வேகத்தில் சீறும், மற்ற நேரம் அசையாது. இன்ஜின் வெப்பமானி ஏறாததால் ஓட்டுகிறவர் ஃபேன் நன்றாக இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

ஃபேன் சுற்றினாலும் சந்தேகம் தீரவில்லை என்றால் தண்ணீர் சோதனை செய்யுங்கள். வண்டியை நிறுத்திய நிலையில் ஏசியை ஓடவிட்டு, வென்ட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மீது மட்டும், செடிக்குத் தெளிப்பது போல மென்மையாகத் தண்ணீர் தெளியுங்கள். பெல்ட்டிலும் ஒயரிலும் படவேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் வென்ட் வெப்பநிலை சரசரவென்று இறங்கினால் கோளாறு பெரும்பாலும் முன்பக்கத்தில்தான்: ஃபேன் பலவீனம், கண்டென்சர் அழுக்கு, சில நேரம் அளவுக்கு மீறி அடிக்கப்பட்ட கேஸ்.

டார்ச் அடித்துக் கிரில் வழியாகக் கண்டென்சரைப் பாருங்கள். பூச்சி, மண், பாலித்தீன் துண்டு, இலை எல்லாம் வலை போல ஒட்டியிருக்கும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சந்திலும் அழுக்கு சேரும். அது வெளியிலிருந்து தெரியாது. குறைந்த அழுத்தத் தண்ணீரால், முடிந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸில் ஜெட்டை நேருக்கு நேர் வைத்து அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் படுத்துவிடும், காற்றுப் பாதையே அடைந்துபோகும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர், எண்ணூர்ப் பக்கம் வீடு இருப்பவர்கள் தகடுகளை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். உப்புக்காற்று அரித்த தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். அந்தக் கண்டென்சரைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கடலோரம் நிற்கும் வண்டியின் முன்பக்கத்தை மாதம் ஒருமுறை சாதாரணத் தண்ணீரால் அலசிவிட்டாலே அதன் ஆயுள் கூடும்.

சிக்னலில் ஏசி சூடாவதோடு இன்ஜின் வெப்பமானியும் ஏறினால் ஓட்டாதீர்கள். அப்போது ஏசியைவிட இன்ஜினைக் காப்பாற்றுவதே முக்கியம்.

குழாயைத் தொட்டுப் பார்த்தல்

ஏசி பத்து நிமிடம் ஓடியதும், கூலிங் காயிலுக்குப் போகும் இரண்டு குழாய்களைப் பாருங்கள். தடிமனானது திரும்பி வரும் சக்‌ஷன் குழாய்; அது ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும். மெல்லியது உள்ளே போகும் குழாய், வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாயைத் தொடாதீர்கள், சுட்டுவிடும்.

தடித்த குழாய் வியர்த்து வழிகிறது, ஆனால் உள்ளே சூடான காற்று வருகிறது என்றால் குளிர் உற்பத்தியாகிறது, உங்களிடம் வந்துசேரவில்லை. டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் காற்றையும் குளிர்காற்றையும் கலக்கும் கதவு மாட்டிக்கொண்டிருக்கிறது. வெப்பநிலையை மாற்றும்போது உள்ளே "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால் அதைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பல் உடைந்திருக்கும். இந்தக் குறைக்கு எத்தனை முறை கேஸ் அடித்தாலும் பயனில்லை. தடித்த குழாயும் சூடாகவே இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

கேஸும் கசிவும்

இதற்கு மேல் கருவி உள்ள மெக்கானிக் கை வைக்க வேண்டும். ஆனால் கசிவைத் தேடும் முதல் பார்வை உங்களுடையதாகவே இருக்கலாம். கேஸோடு எண்ணெயும் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். அதன்மேல் தூசி படிந்து கறுப்பாகப் பிசுபிசுக்கும். குழாய் இணைப்புகள், கம்ப்ரசரின் முகப்பு, கண்டென்சரின் கீழ் மூலைகள் என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். முகப்பில் கல் அடித்த இடத்தில் நாணய அளவுக்கு எண்ணெய்த் திட்டு இருந்தால் கிட்டத்தட்ட குற்றவாளி கிடைத்தாயிற்று. கேஸ் அடிக்கும் வால்வின் பிளாஸ்டிக் மூடி காணாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வால்வே கசிவதும் உண்டு, மிக மலிவான பழுது அது.

கடைக்குப் போனதும் பேச்சு வழக்கமாக இப்படித்தான் போகும்:

"கேஸ் கம்மி சார். டாப் அப் பண்ணிட்டா ஜில்லுனு ஆயிடும்."

"அண்ணா, உள்ள இருக்கிறதை மெஷின்ல இழுத்து எத்தனை கிராம் வருதுன்னு முதல்ல பாத்துடலாம். அப்புறம் லீக் செக் பண்ணிட்டு அடிங்க."

இந்தப் பதிலை அப்படியே சொல்லுங்கள். ஏன் கிராம் என்று சிலர் கேட்பார்கள். வண்டி அணைந்திருக்கும்போது கேஜில் தெரியும் அழுத்தம் உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதைக் காட்டாது. அன்றைய வெப்பநிலையைத்தான் காட்டும். ஆர்-134ஏவுக்கு 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே இந்த எண் வந்துவிடும். சிறிய, நடுத்தரக் கார்களுக்குப் பெரும்பாலும் 300 முதல் 600 கிராம் வரைதான் கேஸ் தேவை. உங்கள் வண்டிக்குச் சரியான அளவு பானெட்டின் உட்புறமோ முன் பட்டையிலோ ஸ்டிக்கரில் இருக்கும். ஐம்பது, நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும். தராசு இல்லாமல் கண்ணாலும் கையாலும் கணக்குப் போட்டு அடிக்கும் கடையைத் தவிருங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க மூன்று வழி. கேஸ் முழுதாகப் போயிருந்தால் நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்ப்பது. மெல்லக் கசிந்தால் ஒளிரும் சாயத்தைக் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, நீலப் புறஊதா விளக்கில் பார்ப்பது. கசியும் இடம் பச்சை மஞ்சளாக மின்னும். மூன்றாவது, கேஸை மோப்பம் பிடிக்கும் மின்னணுக் கருவி. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரால் ஏசி குழாய்க்குள் காற்றேற்றிச் சோதிக்க விடாதீர்கள். சென்னைக் காற்றின் ஈரம் முழுக்க உள்ளே போய்விடும்.

கூலிங் காயில் எப்போதும் ஈரமாகவே இருப்பதால், அதில் தங்கும் குப்பையும் சேர்ந்து அரித்து ஓட்டை விழுவதுண்டு. பல வண்டிகளில் அதை எடுக்க டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், கூலியும் அதற்கேற்ப இருக்கும். ஆகவே மோப்பக் கருவியை வென்ட்டிலோ வடிகுழாயிலோ வைத்து, கசிவு அங்கேதான் என்று உங்கள் கண்ணெதிரே காட்டிய பிறகு சம்மதியுங்கள். ஓட்டையை அடைக்கும் ரசாயனத்தை உள்ளே ஊற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் கடையின் மெஷினையும் சேர்த்தே கெடுக்கும்.

கேஸை நீங்களே திறந்து காற்றில் விடுவதும் வேண்டாம். கையில் பட்டால் தோல் உறைந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அது மட்டுமல்ல, ஒரு கிலோ ஆர்-134ஏ நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் 2016ஆம் ஆண்டின் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. சில புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் இருக்கிறது. ஸ்டிக்கரில் அந்தப் பெயர் இருந்தால் பழைய கேஸை அதில் கலக்கக்கூடாது. மலிவுக்காகச் சமையல் எரிவாயு வகைக் கலவையை அடிப்பவர்களிடம் வண்டியையே கொடுக்காதீர்கள். கசிந்து வண்டிக்குள் புகுந்தால் தீப்பிடிக்கும்.

கேஜ் சொல்லும் சேதி

மெக்கானிக் நீலம், சிவப்பு என்று இரண்டு ஹோஸ் மாட்டுவார். நீலம் தாழ் அழுத்தப் பக்கம், சிவப்பு உயர் அழுத்தப் பக்கம். 35 டிகிரி வெயிலில் ஏசி ஓடும்போது நீலத்தில் சுமார் 30 முதல் 45 பிஎஸ்ஐ, சிவப்பில் சுமார் 200 முதல் 275 இருந்தால் நல்லது. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் ஃபேன், அழுக்கான கண்டென்சர், அல்லது அளவு மீறிய கேஸ். நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசருக்குள் வலு போய்விட்டது. நீலம் பூஜ்யத்தை நோக்கி விழுந்தால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு. பக்கத்தில் நின்று கேஜை ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் கருத்துக் கேட்க உதவும்.

கம்ப்ரசர் போய்விட்டால்

உள்ளே உடைந்த கம்ப்ரசர் அலுமினியத் துகளைக் குழாயெங்கும் பரப்பியிருக்கும். இன்றைய கண்டென்சர்களின் நுண்குழாய்களைக் கழுவிச் சுத்தமாக்குவது நடக்காத காரியம். கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் அந்தத் துகள் புதியதையும் தின்னும். கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாம் சேர்த்து மாற்றச் சொல்வது நியாயமான ஆலோசனைதான். புது உதிரிபாகங்களின் விலையை ஜி.பி. ரோட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் பழைய பாகம் கிடைக்கும். பிராக்கெட், குழாய், ஃபேன் கூண்டு போன்றவற்றுக்குச் சரி. பழைய டிரையரை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள், திறந்து கிடந்த டிரையர் ஈரத்தைக் குடித்துத் தீர்த்திருக்கும்.

ஹைப்ரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஃபில்டர், ஃபேன், கண்டென்சர் வரை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடவே கூடாது. எண்ணெயும் வேறு. சாதாரணக் கார்களின் பிஏஜி எண்ணெய் அதற்குள் போனால் மின்காப்பு கெட்டுவிடும். அந்த வண்டிகளுக்கென்று பழகிய இடத்துக்குத்தான் போக வேண்டும்.

வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும்

பழுது பார்த்து முடிந்ததும் வேக்யூம் போடுவது, அதாவது பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது, சடங்கு அல்ல. வேக்யூமில் அழுத்தம் விழுந்ததும் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஈரம் நம் ஊர் வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. கேஜில் வேக்யூம் கிட்டத்தட்ட 29 அங்குலம் (பாதரச அளவில்) வரை இறங்கி, குறைந்தது அரை மணி நேரம் ஓடட்டும். பிறகு பம்ப்பை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் முள் அசையக்கூடாது. ஏறினால் கசிவு இன்னும் இருக்கிறது. கேஸ் அடிக்க அனுமதிக்காதீர்கள். திறந்த இணைப்புகளுக்குப் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), வெளியே வந்த அளவுக்கு எண்ணெய், பிறகு ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்குக் கேஸ். இந்த வரிசையில் எதையும் தாண்டக்கூடாது.

பில்லில் எத்தனை கிராம் இழுத்தார்கள், எத்தனை கிராம் அடித்தார்கள், எந்த வகை எண்ணெய் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே தெர்மாமீட்டரைச் செருகி, நின்ற நிலையில் பத்து நிமிடம் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து அதே நேரத்தில், அதே முறையில் மறுபடி அளந்து பாருங்கள். எண் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் பில்லோடு அதே கடைக்குப் போய், சாயம் எங்கே மின்னுகிறது என்று விளக்கடித்துக் காட்டச் சொல்லுங்கள். மார்கழிக் குளிரிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள், கம்ப்ரசரின் சீலுக்கு எண்ணெய் பட்டுக்கொண்டிருக்கும். எந்தப் பருவத்திலும், மூடிய பேஸ்மென்ட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, அது உயிரைக் கொல்லும்.